பதினெட்டு வயதுக்குப் பிறகு கையெழுத்து யாருடையது?
மாற்றுத்திறனாளிகள் இருக்கும் விவசாயக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெற்றோர் உரிமைகள்

அப்பா பெயரில் இருந்த நிலத்துக்குப் பட்டா மாற்ற வேண்டும். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக்கடனைத் திருப்பி எழுத வேண்டும். அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினைப் பத்திரம் போட வேண்டும். குடும்பத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஒருவருடைய இடம் மட்டும் காலியாக நிற்கிறது. அவர் மனவளர்ச்சி குன்றிய மகன் அல்லது மகள். வயது இருபத்தைந்து. 'நான்தான் பெத்த தாய். அவனுக்குப் பதிலா நான் போடுறேன்' என்று அம்மா சொன்னால், 'முடியாதும்மா, கார்டியன் சர்டிபிகேட் கொண்டுவாங்க' என்று பதில் வருகிறது.

அந்தத் தாய்க்கு இது புரியாத பேச்சு. பிறந்த நாளிலிருந்து குளிப்பாட்டி, ஊட்டி, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் அவர். அவருக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கும்? ஆனால், சட்டத்தின் கண்ணில் அந்தப் பதில் சரியானதே. இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் வருடக்கணக்கில் முடங்கிக் கிடக்கின்றன. சில குடும்பங்களில், விவரம் தெரியாத பிள்ளையின் கைநாட்டை வாங்கி அவன் பங்கையே இல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். இரண்டையும் தவிர்க்க, செலவில்லாத வழி ஒன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே இருக்கிறது.

பதினெட்டில் என்ன மாறுகிறது?

பிள்ளைக்கு 18 வயது முடியும்வரை பெற்றோர்தான் இயற்கைப் பாதுகாவலர். இந்துக்களுக்கு இதைச் சொல்வது 1956-ம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம். அதில் 'தந்தை, அவருக்குப் பிறகு தாய்' என்று இருந்த வரிக்கு, 1999-ல் உச்ச நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது. தந்தை இறந்த பிறகுதான் தாய் என்று அதற்குப் பொருள் இல்லை. தந்தை உடன் இல்லாமலோ, பிள்ளையின் பொறுப்பைக் கவனிக்காமலோ இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே தாய் இயற்கைப் பாதுகாவலராகச் செயல்படலாம்.

இந்த உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் பெயரில் இருக்கும் நிலத்தை, நீதிமன்ற அனுமதி இல்லாமல் பெற்றோர் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. மீறி விற்றால், பிள்ளை மேஜரான பிறகு 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டு அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

18 முடிந்த நாளோடு இயற்கைப் பாதுகாவலர் என்ற நிலை முடிந்துவிடுகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொதுவானது. மற்ற பிள்ளைகள் தங்கள் கையெழுத்தைத் தாங்களே போடத் தொடங்குகிறார்கள். அறிவுசார் குறைபாடு கடுமையாக உள்ள பிள்ளையால் அது முடிவதில்லை. அவருக்காகக் கையெழுத்திடும் அதிகாரமும் அதற்குமேல் யாரிடமும் இல்லை. ஆகவே, பதினெட்டுக்குப் பிறகு பெற்றோரும் முறைப்படி நியமனம் பெற்றாக வேண்டும்.

மூன்று ஏக்கர், நான்கு பங்கு

ஓர் உதாரணம். ஒரு விவசாயிக்குச் சொந்தச் சம்பாத்தியத்தில் 3 ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம். மனைவி, மூத்த மகன், மகள், அறிவுசார் குறைபாடுள்ள 24 வயது இளைய மகன். விவசாயியின் பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். உயில் எழுதாமல் அவரும் இறந்துவிடுகிறார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நான்கு பேருக்கும் சம பங்கு. ஆளுக்கு 75 சென்ட்.

'அவனுக்கு எதுக்கு நிலம்? அவன் என்ன உழவா போறான்? நாங்க சோறு போட்டுக் காப்பாத்துறோம்' என்று பங்காளிகள் பேசுவது பல ஊர்களில் நடப்பதுதான். நல்ல மனதோடும் இப்படிச் சொல்வார்கள். ஆனால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு தெளிவாக இருக்கிறது: நோய், உடல் குறை, ஊனம் என்ற காரணத்துக்காக யாருடைய வாரிசுரிமையும் பறிபோகாது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும், சொத்தை வைத்திருக்கவும் வாரிசாக அடையவும் மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களைப் போலவே உரிமை உண்டு என்கிறது.

ஆக, அந்த 75 சென்ட் இளைய மகனுடையது. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் அவர் பெயரும் இருக்க வேண்டும். அவர் பெயரை விட்டுவிட்டு வாங்கிய சான்றிதழை வைத்துச் செய்யும் பாகப்பிரிவினை, பிற்காலத்தில் வழக்குக்கு வாசல் திறந்துவிடும். விவரம் புரிந்துகொள்ள இயலாத ஒருவரிடம் கைநாட்டு வாங்கிப் பதிவுசெய்த விடுதலைப் பத்திரமும் நிலைக்காது. என்ன எழுதியிருக்கிறது, அதனால் தனக்கு என்ன ஆகும் என்று புரிந்துகொள்ளும் நிலையில் இருப்பவரே ஒப்பந்தம் செய்ய முடியும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை. இப்படிப்பட்ட நிலத்தை வாங்குபவருக்கும் இது ஆபத்து. மூலப் பத்திரம் பார்ப்பதுபோல், வாரிசுகளில் இந்த நிலையில் யாராவது இருக்கிறார்களா என்றும் விசாரிப்பது நல்லது.

பாதுகாவலர் யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

எல்லா மாற்றுத்திறனாளிக்கும் பாதுகாவலர் வேண்டும் என்று நினைப்பது தவறு. பார்வையற்றவர், காது கேளாதவர், கை கால் இயங்காதவர் ஆகியோர் 18 வயது முடிந்தால் தங்கள் முடிவைத் தாங்களே எடுப்பார்கள். காது கேளாத மகளுக்காக அப்பா கையெழுத்துப் போட முடியாது; போடவும் தேவையில்லை. சைகை மொழி தெரிந்தவரை அழைத்துச் சென்று அவருக்கு விளக்கினால் போதும். பார்வையற்றவருக்கு வங்கிக் கணக்கோ கடனோ அந்த ஒரு காரணத்துக்காக மறுக்கப்பட்டால், அது மறுத்தவரின் தவறு.

1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் நான்கு வகையினருக்காக இயற்றப்பட்டது:

1. ஆட்டிசம்
2. மூளை முடக்குவாதம்
3. அறிவுசார் குறைபாடு (மனவளர்ச்சி குன்றியவர்கள்)
4. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் சேர்ந்திருப்பது

இந்த நால்வகையினருக்கு 18 வயதுக்குப் பிறகு சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்க இந்தச் சட்டம் வழி செய்கிறது. எந்த மதத்தைச் சேர்ந்த குடும்பத்துக்கும் இது பொருந்தும். இவர்களிலும் எல்லோருக்கும் பாதுகாவலர் தேவைப்படாது. மூளை முடக்குவாதம் உள்ள பலர் பேச்சும் நடையும் பாதிக்கப்பட்டிருந்தாலும் கணக்கு வழக்கில் தெளிவாக இருப்பார்கள். ஆகவே, பாதுகாவலர் உண்மையிலேயே தேவையா, எந்த வேலைக்குத் தேவை என்று பார்த்த பிறகே நியமிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

ஆட்சியர் தலைமையில் ஒரு குழு

நியமிக்கும் அதிகாரம் உள்ளூர் நிலைக் குழுவிடம் இருக்கிறது. அலுவலகங்களில் 'லோக்கல் லெவல் கமிட்டி' என்று கேட்டால் புரியும். மாவட்ட ஆட்சியர், தேசிய அறக்கட்டளையில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூன்று பேர் கொண்ட குழு இது. குறைந்தது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூட வேண்டும். வழக்கு, வாய்தா என்று நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை.

விண்ணப்பத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுக்கலாம். பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். 'ஏ' படிவம் என்று கேட்டு வாங்க வேண்டும். பெற்றோர் இருவரும் இருந்தால் சேர்ந்து விண்ணப்பிப்பது வழக்கம். ஒருவர் இறந்திருந்தாலோ, பிரிந்து போயிருந்தாலோ மற்றவர் மட்டும் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் இல்லையென்றால் உடன்பிறந்தவர்களோ உறவினரோ, பதிவுபெற்ற நிறுவனமோ விண்ணப்பிக்கலாம். பெற்றோர் தங்களைத்தான் நியமிக்கக் கேட்க வேண்டும் என்பதில்லை. வயதும் உடல்நிலையும் இடம் கொடுக்காவிட்டால், நம்பிக்கையான மகளையோ தாய்மாமனையோ நியமிக்கும்படி கேட்கலாம்.

கையோடு எடுத்துச் செல்ல வேண்டியவை: மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அல்லது மருத்துவச் சான்று, பிள்ளையின் வயதுச் சான்று, பிள்ளை மற்றும் விண்ணப்பதாரரின் ஆதார், குடும்ப அட்டை, புகைப்படங்கள், பிள்ளை பெயரில் சொத்து இருந்தால் பட்டா மற்றும் பத்திர நகல். ஒரு பெற்றோர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் வேண்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் கூடுதலாக ஓரிரு தாள்கள் கேட்பதுண்டு என்பதால், முதலில் ஒருமுறை போய்ப் பட்டியலைக் கேட்டு வருவது அலைச்சலைக் குறைக்கும். அலுவலகத்தில் வேலை நகரவில்லை என்றால், திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடமே மனு கொடுக்கலாம். அவர்தான் அந்தக் குழுவின் தலைவரும் என்பதால் மனு சரியான இடத்துக்கே போகும்.

குழு கொடுக்கும் சான்றிதழை ஏற்றுக் கணக்குத் தொடங்கவும் இயக்கவும் அனுமதிக்குமாறு வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. கிளை மேலாளர் தயங்கினால் இதைச் சொல்லி எழுத்துப்பூர்வமாகப் பதில் கேட்கலாம்.

பாதுகாவலர், உரிமையாளர் அல்ல

சான்றிதழ் கிடைத்துவிட்டால் பிள்ளையின் 75 சென்டை இஷ்டத்துக்கு விற்கலாம் என்று நினைக்கக் கூடாது. நிலம் பிள்ளையுடையதாகவே இருக்கும். பாதுகாவலருக்கு இருப்பது அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. நியமனம் கிடைத்த 6 மாதங்களுக்குள், பிள்ளையின் அசையாச் சொத்து, மற்ற சொத்து, கடன் ஆகியவற்றின் பட்டியலை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த 3 மாதங்களுக்குள் வரவு செலவுக் கணக்கும் கொடுக்க வேண்டும். குத்தகைப் பணம் எவ்வளவு வந்தது, மருந்துக்கும் உணவுக்கும் எவ்வளவு போனது என்று ஒரு நோட்டில் எழுதி வந்தாலே கணக்கு தயார்.

மருத்துவச் செலவு போன்ற காரணத்துக்காக நிலத்தை விற்றே ஆக வேண்டிய நிலை வந்தால், குழுவிடமோ நீதிமன்றத்திடமோ முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுவது பாதுகாப்பு. இல்லாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே சிக்கல் வரும்; வாங்குபவரும் தயங்குவார்.

பாதுகாவலர் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாலோ, கொடுமைப்படுத்தினாலோ, சொத்தைச் சுருட்டினாலோ, பெற்றோரோ உறவினரோ பதிவுபெற்ற நிறுவனமோ குழுவிடம் புகார் கொடுக்கலாம். விசாரணையில் உண்மை தெரிந்தால் அவரை நீக்கலாம். 'அண்ணனை கார்டியனா போட்டா நிலத்தை அவன் பேருக்கு மாத்திக்குவானே' என்று அஞ்சும் பெற்றோருக்கு இது முக்கியமான செய்தி.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, பாதுகாவலர் என்பதன் பொருளும் மாறியிருக்கிறது. பிள்ளையோடு சேர்ந்து, பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு, குறிப்பிட்ட காரியத்துக்காக முடிவெடுப்பவரே 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்'. துணையாக இருப்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் இடையே ஒரு சொத்து விவகாரத்தில் நலன்கள் மோதினால், துணையாக இருப்பவர் அந்தக் காரியத்திலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். அண்ணனே பாதுகாவலராக இருந்து, தம்பியின் பங்கைத் தனக்கே எழுதிக்கொள்ள முடியாது என்பது இதன் நடைமுறைப் பொருள்.

'எங்களுக்குப் பிறகு யார்?'

பெற்றோர் இரவில் தூக்கம் கெட்டு யோசிப்பது இதைத்தான். 'எனக்குப் பிறகு என் தம்பி பார்த்துக்கொள்வான்' என்று உயிலில் எழுதிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். உயில் மூலம் பாதுகாவலரை நியமிக்கும் உரிமை 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குத்தான் பொருந்தும். முப்பது வயது மகனுக்கு உயிலில் பாதுகாவலர் பெயர் எழுதினால், அது பெற்றோரின் விருப்பத்தைக் காட்டும் சான்றாக உதவும். ஆனால், நியமனத்தைக் குழுதான் செய்ய வேண்டும். பாதுகாவலராக இருந்த பெற்றோர் இறந்தாலும், அடுத்தவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே, அடுத்துப் பொறுப்பேற்கப் போகிறவர் யார் என்பதைப் பெற்றோர் இருக்கும்போதே வீட்டில் பேசி முடிவு செய்து, அந்த அலுவலகத்துக்கும் அவரை அழைத்துச் சென்று பழக்கப்படுத்துவது நல்லது.

சொத்து விஷயத்தில் உயில் மிகவும் உதவும். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்தால் பிற்காலத் தகராறு குறையும். இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்தில் பங்கு பெறுபவரைச் சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது. பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டுமே ஒருவர் உயிலில் எழுத முடியும்.

நிலத்தை நேரடியாகப் பிள்ளை பெயருக்கு எழுதுவதா, வேறு வழியா என்பதையும் யோசிக்க வேண்டும். 1882-ம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டப்படி, குடும்பத்துக்குள்ளேயே ஒரு தனியார் அறக்கட்டளையை உருவாக்கலாம். நிலம் அறக்கட்டளையிடம் இருக்கும். இரண்டு மூன்று பேர் அறங்காவலர்கள். நிலத்தின் குத்தகை வருமானம் பிள்ளையின் பராமரிப்புக்கு மட்டுமே என்றும், பிள்ளையின் காலத்துக்குப் பிறகு நிலம் யாருக்கு என்றும் பத்திரத்தில் எழுதிவிடலாம். நிலம் சம்பந்தப்பட்டது என்பதால் இந்தப் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஒரே ஆளிடம் எல்லாப் பொறுப்பையும் கொடுக்காமல், தாய் வழியில் ஒருவர், தந்தை வழியில் ஒருவர் என்று வைப்பது ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ள உதவும். இதற்கு ஒரு வழக்கறிஞரின் உதவி அவசியம்.

அப்பா, அம்மாவே மாற்றுத்திறனாளி என்றால்?

பெற்றோர் உரிமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பார்வையற்ற தாயிடம், 'உன்னால குழந்தையைப் பார்த்துக்க முடியாது' என்று சொல்லி மாமியார் வீட்டார் குழந்தையை வைத்துக்கொள்கிறார்கள். மனநலச் சிகிச்சை எடுத்த பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குழந்தையைத் தர மறுக்கிறார்கள். இது பாசம், அக்கறை என்ற பெயரில் நடந்தாலும் சட்டம் இதை ஏற்பதில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றது. அதன் 23-வது பிரிவு, குழந்தையின் குறைபாட்டையோ பெற்றோரின் குறைபாட்டையோ காரணமாக வைத்து, பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்கிறது. குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கில் நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலனை. 'கண் தெரியாது', 'கால் இல்லை' என்பது மட்டும் அதற்குப் பதிலாகிவிடாது. குழந்தை பள்ளிக்குப் போகிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறதா, தாய்க்கு உதவிக்கு யார் இருக்கிறார்கள் என்பவையே பேசும். தடுப்பூசி அட்டை, பள்ளி வருகை, அங்கன்வாடிப் பணியாளரின் சாட்சியம் போன்ற சாதாரண ஆவணங்களே பெரிய துணை.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மனநல மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து, 3 வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் பிரிக்கலாம். அப்போதும் 15 நாள்களுக்கு ஒருமுறை அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். 30 நாள்களைத் தாண்டினால் உரிய ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும்.

தாயாகும் உரிமை பற்றி 2009 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு முக்கியமானது. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, அறிவுசார் குறைபாடுள்ள ஓர் இளம்பெண் வன்கொடுமையால் கருவுற்றார். அவருக்குப் பெற்றோர் இல்லை. குழந்தையைப் பெற்றுக்கொள்ளவே அவர் விரும்பினார். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது, குழந்தை பெறுவதா வேண்டாமா என்பது தனிமனிதச் சுதந்திரத்தின் பகுதி என்று சொன்னது. தாயையும் குழந்தையையும் கவனிக்க உதவுவதாகத் தேசிய அறக்கட்டளை நீதிமன்றத்தில் முன்வந்தது.

பின்னர் வந்த 2016-ம் ஆண்டுச் சட்டம், மாற்றுத்திறனாளி ஒருவருக்கு அவருடைய முழுச் சம்மதம் இல்லாமல் கருத்தடை சிகிச்சை செய்யக் கூடாது என்கிறது. 'பெரிய பொண்ணாயிட்டா, கர்ப்பப்பையை எடுத்துடுங்க' என்று மருத்துவரிடம் கேட்கும் பெற்றோர் இதை மனதில் வைக்க வேண்டும். மாதவிடாய் நாள்களைச் சமாளிக்கச் சிறப்புப் பள்ளி ஆசிரியர்களும் கிராமச் சுகாதாரச் செவிலியர்களும் பழக்கிக் கொடுப்பார்கள்.

வாசகர்களுக்கு எழும் கேள்விகள்

'மகனுக்கு 22 வயது. மூளை முடக்குவாதம். வேலை செய்ய முடியாது. கணவர் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். பையன் மேஜர் ஆகிவிட்டதால் ஜீவனாம்சம் கேட்க முடியாதா?'

கேட்கலாம். உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இயலாத பிள்ளைக்கு, மேஜரான பிறகும் தந்தை பராமரிப்புத் தொகை தர வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவில் இருந்த இந்த உரிமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவில் தொடர்கிறது.

'கணவர் டிராக்டர் விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் படுத்திருக்கிறார். மருத்துவச் செலவுக்கு அவர் பெயரில் உள்ள மனையை விற்க நான் கையெழுத்துப் போடலாமா?'

மனைவி என்பதால் மட்டும் போட முடியாது. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் நான்கு வகைகளில் இந்த நிலை வராது. இதற்கு உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும். இதே போன்ற நிலையில் இருந்த ஒரு மனைவியை, 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கணவரின் பாதுகாவலராக நியமித்துச் சொத்தை விற்க அனுமதித்திருக்கிறது.

'எங்கள் குழந்தையை எங்களால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. யாரோ ஒருவர் நடத்தும் இல்லத்தில் விட்டுவிடச் சொல்கிறார்கள். விடலாமா?'

அவசரப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளிக் குழந்தையை ஊனத்தைக் காரணம் காட்டிப் பெற்றோரிடமிருந்து யாரும் பிரிக்க முடியாது. நீதிமன்றம் மட்டுமே, குழந்தையின் நலனுக்காக, அப்படி உத்தரவிட முடியும். பெற்றோரால் இயலாதபோது முதலில் நெருங்கிய உறவினர், பிறகு ஊருக்குள் ஒரு குடும்பச் சூழல், வேறு வழியே இல்லாதபோதுதான் இல்லம் என்று 2016-ம் ஆண்டுச் சட்டம் வரிசைப்படுத்துகிறது. குழந்தையை முழுவதுமாக ஒப்படைப்பதாக இருந்தால், மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்புதான் செய்ய வேண்டும். மனம் மாறினால் திரும்பப் பெற 2 மாத அவகாசம் உண்டு. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் குழந்தையைக் கொடுக்காதீர்கள்.

'மருமகள் வாய் பேச முடியாதவள். மகன் இறந்துவிட்டான். பேரனை எங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளலாமா?'

தாய் இருக்கும்போது தாய்தான் இயற்கைப் பாதுகாவலர். பேச முடியாதது அதற்குத் தடை இல்லை. தாத்தா பாட்டி குழந்தையைத் தர மறுத்தால், அவர் குடும்ப நீதிமன்றத்தையோ மாவட்ட நீதிமன்றத்தையோ அணுகலாம். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம். மருமகளோடு சேர்ந்து வளர்ப்பதே பேரனுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

வழக்குச் செலவுக்குப் பயப்பட வேண்டாம்

மாற்றுத்திறனாளிகள், பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும், தாலுகா நீதிமன்றத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவிலும் மனு கொடுத்தால் வழக்கறிஞரை அவர்களே ஏற்பாடு செய்வார்கள். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

உடனே செய்ய வேண்டியவை

• பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டை இல்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். மாநில அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, தேசிய அறக்கட்டளையின் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலான 'நிராமயா' மருத்துவக் காப்பீடு ஆகியவற்றில் எது பொருந்தும் என்று அதே அலுவலகத்தில் கேளுங்கள்.

• பிள்ளைக்கு 17 வயது நடக்கும்போதே பாதுகாவலர் விண்ணப்பத்துக்கான தாள்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். 18 தாண்டிவிட்டது என்றாலும் காலம் கடந்துவிடவில்லை. நாற்பது வயதுப் பிள்ளைக்கும் விண்ணப்பிக்கலாம்.

• வாரிசுச் சான்றிதழிலும் பட்டாவிலும் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

• மற்ற பிள்ளைகளை உட்கார வைத்து, யார் என்ன பொறுப்பு எடுப்பார்கள் என்று பேசி எழுதி வையுங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளையையும் அந்தப் பேச்சில் உட்கார வையுங்கள். யாரிடம் இருக்க அவருக்குப் பிடிக்கும் என்பதை வார்த்தையால் சொல்ல முடியாவிட்டாலும், வேறு விதத்தில் அவர் காட்டிவிடுவார்.